தோலோடு வெந்த கிழங்கும் என் தம்பியின் கட்டிலும்

அனுப்புநர்
பதினோராம் கட்டில்காரர்
(வயது 79, முன்பு சந்தையில் மூட்டை தூக்கியவர்),
ஆண்கள் கூடம், முதியோர் இல்லம்.

பெறுநர்
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
முதியோர் இல்ல அலுவலகம்.

பொருள்: தட்டு மாறிய குற்றத்துக்காக மேல்மாடிக்கு மாற்றப்பட்ட என் தம்பியைப் பன்னிரண்டாம் கட்டிலுக்கே திருப்பி அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது மறக்காது. சென்ற மாதம் முதல் புதன்கிழமை உணவு ஆலோசகர் அம்மா எங்கள் கூடத்தில் நான்கு தட்டுகளில் உருளைக்கிழங்கு வைத்து விளக்கினார். தோலோடு வேகவைத்ததில் நூறு கிராமுக்கு வைட்டமின் சி பதின்மூன்று மில்லிகிராம். தோல் சீவி வேகவைத்தால் ஏழு. பொரித்தால் கலோரி மூன்று மடங்குக்கு மேல் ஏறும். நான்காவது, தோல் சீவி, நறுக்கி, ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்தது. அதில் பாதிச் சத்து சாக்கடைக்குப் போய்விடும் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

2. அன்று மதியம் அந்த நான்காவதுதான் என் தட்டில் விழுந்தது. தம்பிக்கு முதலாவது, தோல் வெடித்து ஆவி பறக்க. கேட்டதற்கு ஆலோசகர் அம்மா, "தாத்தா, உங்க கிட்னிக்கு அந்தச் சத்து ஆகாது" என்றார். நான் நம்பவில்லை. சிறு வயதில் "சின்னவன்டா, விட்டுக் குடு" என்று அம்மா பெரிய கிழங்கை அவன் பக்கம் தள்ளியபோதும் இப்படித்தான் ஒரு காரணம் இருந்தது.

3. என் வயிற்றெரிச்சலைத் தங்களிடம் மறைக்கவில்லை. தம்பி இருக்கிற ஆறு பல்லால், கண்ணை மூடிக்கொண்டு, தோலையும் சேர்த்து மெல்லுவான்.

4. ஆகவே அவன் கை கழுவப் போன நேரம் பார்த்துத் தட்டை மாற்றினேன். ஒன்பது நாள் மாற்றினேன். பரிமாறும் அம்மா தம்பியிடம் "என்னண்ணே, சப்புன்னு இருக்கா?" என்று கேட்டபோதுகூட, "இன்னிக்குப் பரவால்லம்மா" என்றான். பத்தாம் நாள் எனக்கு நெஞ்சு படபடத்து, கால் துவண்டு, மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். கிழங்கில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். ஆலோசகர் அம்மா சொன்னது உண்மைதான்.

5. தங்கள் விசாரணையில் தம்பி, "நான்தாங்க குடுத்தேன். அண்ணன் பாத்துக்கிட்டே இருந்தாரு, மனசு கேக்கல" என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் முதல் நாளே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மாற்றியவன் நான். என் குற்றத்தையும் அவனே எடுத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

6. மேல்மாடியில் பக்கத்துக் கட்டில் தையல்காரரும் அவனும் தோலோடு வெந்த கிழங்கைச் சேர்ந்து சாப்பிடுவதாகவும், அவர் சொல்லும் கதைக்கெல்லாம் அவன் சிரிப்பதாகவும் கேள்வி. என் முழங்கால் படி ஏறாது. பன்னிரண்டாம் கட்டிலுக்குப் புதிதாக வந்தவருக்கு வெண்ணெய் போட்டு மசித்த கிழங்கு தருகிறார்கள். அந்தப் பக்கம் நான் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஐயா, எனக்குத் தண்ணீர் மாற்றிய கிழங்கே போதும், மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன். தம்பியைத் திருப்பி அனுப்பி, அவன் தட்டில் தோலோடு வெந்ததையே வைக்க உத்தரவிட வேண்டுகிறேன். நம்பிக்கை இல்லையென்றால் அவன் கட்டிலை என் கைக்கு எட்டாத தூரத்தில் போடுங்கள். கண்ணுக்கு எட்டினால் போதும்.

இடம்: ஆண்கள் கூடம்
நாள்: வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்

இப்படிக்கு,
பதினோராம் கட்டில்காரரின் இடது பெருவிரல் ரேகை

(அவர் சொல்லச் சொல்ல எழுதியவர்: சலவைப் பிரிவுப் பணியாளர்)