தாம்பாளம் நுழையும் அடுப்பு

நம் கஸ்ஸானின் அப்பாவுக்கு,

பருப்புச் சோறு சட்டியில் இருக்கிறது, தயிர் ஊற்றிச் சாப்பிடுங்கள். பெருநாள் பலகாரம் சுடும் பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு திரிப்போலி நகரத்தில் உள்ள பழைய அடுப்புக் கடைகளுக்குப் போகிறேன். நேற்றுக் கடையில் பார்த்த புதுப் பெட்டி அடுப்பு எதன் வயிற்றிலும் அது நுழையவில்லையே. "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்ளோ அகலம்? சின்னதே போதும்" என்று கடைக்காரன் முன்னால் சொன்னீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கனடாவிலிருந்து பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தால் எதில் சுடுவேன்?

நீங்கள் வரச்சொன்ன கொத்தனார் வந்தால் திருப்பி அனுப்புங்கள். சின்ன அடுப்புக்காகப் பழைய அடுப்பு இருந்த இடத்தை ஒரு விரல்கூட அடைக்கக் கூடாது.

ஹயாத்

சொல்ல மறந்தேன்: காலையில் நீங்களும் மேசையில் நான்கு தட்டு வைத்திருந்தீர்கள். இரண்டை நான்தான் சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்தேன்.