லாரி வரிசைக்காகத் தள்ளிப்போன முகூர்த்தம்

வடகரப்பதி,
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

என் அம்மிணி சிவசங்கரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி தரணி, செவலை மாடு, அது போன வாரம் ஈன்ற கிடாரிக் கன்று எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சோறு தின்று உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாசாணியம்மன் பார்த்துக்கொள்வாள். கார்த்திகைக் காற்று ஆரம்பித்துவிட்டது, கிழக்கேயிருந்து அடித்த அடியில் முருங்கை முறிந்து மாட்டுக்கொட்டகை மேல் விழுந்தது, அப்பா நான் பார்த்துக்கறேன் என்று ஏணியில் ஏறி முழங்கால் வலியை இழுத்து வைத்துக்கொண்டார், சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், பேச வந்த விஷயம் அப்படியே நின்றுபோகும். அன்றைக்கும் அதுதானே நடந்தது. தம்பி கல்யாணத்துக்கு வர முடியாது, துறைமுக ரோட்டில் ரெண்டு வாரம் சோதனை ஓட்டம், ரெண்டாவது வாரத்தில்தான் முகூர்த்தம் விழுகிறது, பொறுப்பு என் தலையில் இருக்கிறது என்று நீ சொன்னாய். உனக்குத் தம்பியைவிட லாரி பெருசாப் போச்சா என்று கேட்டுவிட்டு நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை, எனக்கு அத்தனை ஆத்திரம். ஒரே அக்கா நீ, நீ இல்லாமல் இணைச்சீர் எப்படி நடக்கும்? உன் பெரியப்பா மகள் ஸ்ரீஜாவை நிறுத்திக்கலாம் என்று ஒறம்பரைச் சொந்தங்கள் எல்லாம் சொன்னார்கள், ஊரில் அப்படி நடப்பதுதான், ஆனால் எனக்கு மனசு வரவில்லை.

சரி, பெண் வீட்டில் இதை நேரில் சொல்லிவிடுவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நானும் அப்பாவும் கம்பம்மெட்டுக்குப் போனோம். பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி இடுப்பு கழன்றுவிட்டது, கம்பத்திலிருந்து மலையேறுகிற ஜீப்பில் அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. சம்பந்தியம்மா சுருளியம்மாள் ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார், மாரீஸ்வரி சுடச்சுட ஏலக்காய் டீ கொடுத்தாள், உன் தம்பி மூணாறு ஹோட்டலில் வேலை பார்த்த இடத்தில் தானாகப் பார்த்துக்கொண்ட பெண் என்று நான் முதலில் முகம் சுளித்தது உனக்குத் தெரியும், இப்போது சொல்கிறேன், தங்கமான பெண். அவர்கள் பக்கம் இணைச்சீர் கிடையாதாம், அப்படின்னா என்ன மதினி என்று சம்பந்தியம்மா கேட்டார். நான் சொன்னேன், மாப்பிள்ளை பக்கத்தில் கூடப்பிறந்தவள் மூங்கிலில் பின்னின பேழைமூடியை ஏந்திக்கொண்டு நிற்பாள், கூறைச்சேலையில் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம், பொண்டாட்டி வந்தாலும் நீ எனக்கு விட்டுப்போனவள் இல்லை என்று சபைக்கு முன்னால் சொல்கிற சீர் என்று. அப்படின்னா கூடப்பிறந்த புள்ளைதான நிக்கணும், எதுக்கு வரலைங்குது என்று அவர் கேட்க, மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

அவ்வளவுதான், அந்த அம்மாளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணின் அப்பா வரவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வேலை என்று சொன்னார்கள், குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பார் என்று நான்கூட மனசுக்குள் நினைத்தேன், சாமி மன்னிக்கட்டும். பெண்ணின் அப்பா பாண்டி ஓட்டுவது டிரெய்லர் லாரியாம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து துறைமுகத்துக்குக் கண்டெய்னர் பெட்டி கொண்டுபோகிற வேலை. நிச்சயத்தன்று நாம் தட்டு மாற்றும்போது அவர் துறைமுக ரோட்டில் லாரி லைனில் நின்றிருக்கிறார், வண்டியை விட்டு இறங்கினால் இடம் போய்விடும், ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துத்தான் தூக்கம். அந்தத் துறைமுகக் கேட்டுல உக்காந்துருக்க பாவிப்பயலுக வெளங்குவாய்ங்களா, எம் மக நிச்சயத்தைப் பெத்த அப்பன் பாக்க முடியாமப் பண்ணிட்டாய்ங்களே, நாசமாப் போக என்று அவர் மண்ணை வாரித் தூற்றாத குறை. நான் டீ தம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா, எம் புள்ளயும் அங்கதானுங்க வேலை, அந்த லைனைச் சரிபண்ணத்தான் லீவு இல்லீங்கறா என்றார்.

அம்மிணி, நீ துறைமுகத்து லாரி என்று சொன்னபோதெல்லாம் எனக்குக் கப்பல்தான் மனசில் நின்றது, சம்பந்தியம்மா லாரி என்றபோது வெறும் லாரியைத்தான் நினைத்தேன், ரெண்டும் ஒரே ரோடு என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். நீ தீபாவளிக்கு வந்தபோது கல்யாணப் பந்தியை வைத்துச் சொன்னாயே, சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நின்று மூச்சுவிட்டால் பரிமாறுகிறவனுக்கும் வழியில்லை, தின்கிறவனுக்கும் நிம்மதியில்லை, அதனால் எல்லோரையும் வெளியே பந்தலில் உட்காரவைத்து முறை வரும்போது கூப்பிடப்போகிறோம் என்று. லாரிகளை நிறுத்த ஊருக்கு வெளியே பெரிய மைதானம், டிரைவர்கள் குளிக்க, படுக்க இடம், போனில் டோக்கன் எல்லாம் சொன்னாய். அதை நான் அங்கே எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். சுருளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மதினி, நிச்சயத்துலதான் இவுக இல்ல, தாரை வார்க்கையிலயும் இல்லாமப் போனா எம் மக மனசு தாங்காது, ஒங்க மக அந்த லைனை எடுத்து விடட்டும், ரெண்டு பேரும் வந்து நிக்கட்டும், தையில வச்சுக்குவோம் என்றார். நான் கேட்கப் போகாததை அவரே சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

அதனால் கல்யாணம் அடுத்த புதன் இல்லை, தை மாதத்து முதல் முகூர்த்தம். குறித்த நாளை எவனாவது தள்ளுவானா என்று உன் பெரியப்பா குதித்தார். லாரி நகரட்டும் மாமா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அடித்து வைத்த பத்திரிகையில் அப்பா தேதியை அடித்து அடித்துத் திருத்துகிறார், அவர் கையெழுத்துக்கு யார் எந்த மாதம் வந்து நிற்பார்களோ தெரியாது. கொடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள், இல்லை, மெட்ராஸில் லாரி லைன் என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இப்போது வேலந்தாவளம் மார்க்கெட்டில் தக்காளிக்காரன்கூட அக்கா லைன் நகந்துச்சுங்களா என்றுதான் கேட்கிறான். கல்யாணம் தள்ளிப்போனதை நானே எழுதுகிறேன் என்று தரணியின் வாயை அடைத்து வைத்திருக்கிறேன், அவனைத் திட்டாதே. சோதனை ஓட்டம் ஆரம்பித்த நேற்றைக்குப் பாதி வண்டி மைதானத்துக்குள்ளேயே வரவில்லை, நம்மள உட்கார வச்சுட்டு வேற எவனையாவது உள்ள விடுவாங்க என்று டிரைவர்கள் சத்தம் போட்டார்கள் என்று அவனிடம் சொன்னாயாமே. இலை வரும் என்று நம்பினால்தானே யாரும் பந்தலில் உட்காருவார்கள், இத்தனை நாள் ஏமாந்தவர்கள், கத்தத்தான் செய்வார்கள். பொறு.

வியாழக்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை இவ்வளவு எழுதிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனவள், கூரியருக்குக் கொடுக்காமலே இருந்துவிட்டேன், நல்லதாகப் போயிற்று. இப்போதுதான் சம்பந்தியம்மா போன் செய்தார். பாண்டி நேற்று அந்த மைதானத்துக்குள் போயிருக்கிறார். இதுவும் ஏமாத்துதான் என்று வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றிருக்கிறார். அப்போது மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண், தொண்டை கட்டின குரலில், ஏனுங்ணா, கீழ எறங்கிப் படுங்க, உங்க முறை வந்தா நானே வந்து எழுப்பறனுங்க என்றதாம். சொன்னபடியே வந்து எழுப்பியதாம், உள்ளே போய்ப் பெட்டியை இறக்கிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட்டாராம். குளிச்சேன்டி, காலை நீட்டித் தூங்கினேன்டி என்று பொண்டாட்டியிடம் சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிச் சிரித்திருக்கிறார். மெட்ராஸ் மைதானத்தில் நின்றுகொண்டு நம்ம ஊர்ப் பேச்சில் ஏனுங்ணா என்று கூப்பிடுகிறவள் வேறு யார் இருக்கப்போகிறாள்? நிச்சயத்துக்கு அவர் வராததால் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சுருளியம்மாள் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, புள்ளையே சொல்லட்டும் என்று வைத்திருக்கிறார். எனக்கு நேற்றுவரை இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இன்னும் பத்து நாள் இருக்கிறது, எல்லா வண்டியும் ஒரே நாளில் வழிக்கு வந்துவிடாது, அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடி, தூசியில் முகத்துக்குத் துணி கட்டு, கடலை உருண்டை அனுப்புகிறேன், நீயே தின்னாமல் கூட இருக்கிறவர்களுக்கும் கொடு. பேழைமூடியைத் துடைத்து உன் அறைப் பரணில் வைத்திருக்கிறேன், வேறு யாரையும் தொட விடவில்லை. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், அந்த ரோட்டில் நிற்கிற எல்லோரும் அவரவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரட்டும், நீ நூறு வயசு இரு.

ஒன்றை மறந்துவிடாதே. நீல டிரெய்லர், முன்கண்ணாடியில் மாரீஸ்வரி என்று எழுதியிருக்கும். திரும்ப வந்தால் நீயே போய் எழுப்பு, தைக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வாருங்கள். அண்ணா என்று கூப்பிட்டாயாமே, அவர் உனக்கு அண்ணன் இல்லை அம்மிணி, மாமா. இனி அப்படிக் கூப்பிட்டு எழுப்பு.

உன்னை வழிபார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா கமலாத்தாள்
(அப்பா பழனிச்சாமியும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்)