கூரை ரவுட்டர் சரியாகிவிட்டது

ஓஸ்னியல்,

கறுப்பு பீன்ஸ் குக்கரில் இருக்கிறது. மூன்று மணிக்குக் கரண்ட் போகும், அதற்குள் சூடுபண்ணிக்கொள்.

கூரை ரவுட்டரை நானே பார்த்துவிட்டேன். நம்முடையதும் எதிர்வீட்டு டமாரிஸுடையதும் ஒரே ஐ.பி. முகவரி எண்ணில் இருந்ததால்தான் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. ஞாயிறன்று நம் எண்ணை மாற்றினேன், ஒழுங்காக ஓடியது. திங்களன்று பார்த்தால் பழைய எண். அது தானாக மாறாது. நீயோ சென்ட் அடித்துக்கொண்டு கூரையேறி, "டமாரிஸ், இப்ப வருதா பாரு செல்லம்!" என்று அரைமணி நேரம் கத்துகிறாய்.

இன்று மறுபடி மாற்றினேன். கூரையில் என்னைக் கண்டதும் அவள், "ஐயோ, இன்னிக்கு அவரு ஏறலையா?" என்றாள்.

கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன்.

யுஸ்லெய்தி

பி.கு.: ஏணியைத் தேடாதே. என்னோடு படகேறி அக்கரை ரெக்லாவுக்கு, அம்மா வீட்டுக்கு வருகிறது.