பாலில்லாத கோப்பியும் ஆணில்லாத வண்டும்

மார்சிலிங்,
4 மார்ச் 2025

அன்புள்ள வைதேகி டீச்சருக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பின், பாலில்லாத 'கோப்பி ஓ'வை விட்டு, டின் பால் ஊற்றிய 'கோப்பி சி'க்கு மாறுவதென்று நேற்றுத் தீர்மானித்தேன். நாற்பது வருடப் பழக்கம். கடைக்காரர் காதர் மைதீன் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, உடம்புக்கு என்ன லா?" என்றார்.

இன்னொரு சிறு விஷயம். நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

தொலைக்காட்சியில் ஐரோப்பியக் காட்டுமுயலைக் காட்டினார்கள். துரத்தி வரும் ஆணைப் பெண்முயல் எழுந்து நின்று முகத்திலேயே குத்துகிறது. அந்த ஆண் குத்தை வாங்கிக்கொண்டு மறுபடி வருகிறது. நம் நடைக்குழுவில் ஆறு வருடமாக உங்களிடம் பேச்சு வாங்கிக்கொள்பவன் என்ற தகுதியில் கேட்கிறேன்.

வாட்ஸ்அப் என்றால் உங்கள் மகள் திவ்யதர்ஷினிதான் முதலில் படிப்பாள். அதனால் தாள்.

தங்கள்,
தங்கராஜு

*

உட்லண்ட்ஸ்,
9 மார்ச்

தங்கராஜு சாருக்கு,

தபால்பெட்டியைத் திறப்பவளும் திவ்யாதான். "யாரும்மா இந்த முயல்?" என்று கேட்டுவிட்டாள்.

முயலுக்குப் பதில் ஒரு வண்டு. கொடிகளின் வேரைத் தின்னும் கறுப்புக் கூன்வண்டு. முப்பது வருடம் உயிரியல் கற்பித்தவள் சொல்கிறேன், அந்த இனத்தில் ஆணே கிடையாது. பெண் தானாகவே முட்டையிடும், பிறப்பதெல்லாம் பெண். துரத்தல் இல்லை, குத்து இல்லை, காலையில் "பேப்பர் எங்கே?" என்ற குரலும் இல்லை. எங்கள் வீட்டிலும், அவர் போனதிலிருந்து, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. பால்கூட வாங்குவதில்லை. இந்த நிம்மதியை எதற்கு விட வேண்டும்?

இப்படிக்கு,
வைதேகி

*

மார்சிலிங்,
13 மார்ச்

அன்புள்ள டீச்சர்,

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்க மாட்டேன். வண்டு ஜெயித்தது. ஆண் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நூலகத்தில் தேடிப் படித்தேன். அந்த வண்டுக்குப் பறக்க வராதாம். அதை நீங்கள் எழுதவில்லை.

கோப்பிக்கும் பால் தேவையில்லை. நாற்பது வருடம் குடித்தவன் சொல்கிறேன், ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் மாறினேன்.

உங்களை வீடு மாறச் சொல்ல மாட்டேன். நான் தனியாள், நான் வருகிறேன். பேப்பரை நானே தேடிக்கொள்வேன்.

தங்கராஜு

*

உட்லண்ட்ஸ்,
21 மார்ச்

அன்புள்ள தங்கராஜு சார்,

பறக்காததை எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். தேடிப் படிப்பீர்களா என்று பார்த்தேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட வாருங்கள். திவ்யா இன்னும் உங்களை முயல் என்றுதான் சொல்கிறாள். பெயரை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். செருப்பை வாசலில் ஓரமாக, ஜோடியாக விடவும்.

நேற்று இரண்டு டின் பால் வாங்கினேன்.

வைதேகி