முன்வரிசைக்குக் கொடுத்த அரிசி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, கோமளா வணக்கத்துடன் எழுதுவது.

போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம். சுகர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? சுங்கைப் பட்டாணியில் மழை விட்டதா?

எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். இப்போது நாங்கள் போடும் இசை நாடகத்தில் எனக்குக் கல்யாணப் பெண்ணின் அம்மா வேஷம். கெட்டிமேளம் கொட்டும்போது போடச் சொல்லி முன்வரிசைக்கு மஞ்சள் அரிசி கொடுத்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஆன்டிகள் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி மேடை முழுக்க அள்ளிப் போட்டுவிட்டார்கள். அடுத்த பாட்டுக்கு ஆடும்போது அந்த அரிசி வழுக்கி விழுந்தேன். எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே மீதிப் பாட்டைப் பாடி முடித்தேன். மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து அரங்கமே கைதட்டியது.

"இனிமே உக்காந்தே பாடுங்கக்கா, அதுதான் நல்லா இருக்குலா" என்கிறார் இயக்குநர் சிவேந்திரன். முட்டி வீக்கம் வடிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் ஆடியவளுக்கு உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவ்வளவு கைதட்டல். அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் முட்டிக்குத் தேய்க்கும் எண்ணெயில் ஒரு போத்தல் வேண்டும். அம்மாவின் பச்சைப் புடவையும் வேண்டும், கடைசிக் காட்சிக்குக் கட்டிக்கொள்ள. தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள். மாதக் கடைசி ஞாயிறு, பகல் மூன்று மணி. நான் கல்யாணப் பெண்ணாக நடித்த எதற்கும் நீங்கள் வரவில்லை. "நெசக் கல்யாணத்துல பாத்துக்கிறேன்" என்பீர்கள். எனக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது, அப்பா.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். முன்வரிசையில் உங்களுக்கு இடம் சொல்லிவிட்டேன். அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். என் பக்கமும் கொஞ்சம் போடுங்கள்.

கோமளா