சிவப்புத் தெரிந்தவன்

யூலை 5, செவ்வாய்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. வாய்க்கால் தண்ணீர் நாளைக்குத்தான் எங்கள் முறை. சைக்கிள் பின் சில்லு ஒட்டுப் போட வேண்டும்.

மிளகாய் இரண்டாம் முறை பழுத்துவிட்டதாம். சொன்னது சுகந்தி. எனக்குத் தோட்டம் நேற்று மாதிரியே நிற்கிறது. இலை, காய், பழம் எல்லாம் ஒரே சாணி நிறம்.

கண்ணுக்குள் நிறம் பிடிக்கிற கலங்கள் மூன்று வகை என்று விஞ்ஞான மாஸ்டர் படிப்பித்தார். அதில் ஒரு வகை எனக்குப் பிழை. சிவப்பும் பச்சையும் பிரியாது. சுகந்திக்குத் தெரியாது. கலியாணம் முடித்து ஆறு மாதம்தான். தெரியவும் கூடாது. மிளகாய்த் தோட்டக்காரனுக்குச் சிவப்புத் தெரியாதென்றால் வட்டக்கச்சி ஊர் முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

தடவிப் பார்த்துத்தான் ஆய்கிறேன். பழம் கொஞ்சம் மெத்தென்றிருக்கும். அவள் மூன்று நிரை முடிக்க நான் ஒன்று.

பின்னேரம் மல்லாவியிலிருந்து ரூபன் வந்து இறங்கினான். சுகந்தியின் தாய்மாமன் மகன். முறை மச்சான். மிளகாய் ஆய அவள்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டாளாம். என்னிடம் ஒரு சொல் இல்லை.

யூலை 6, புதன்

தண்ணீர் கட்டியாயிற்று. முதுகு நோ.

ரூபன் இரண்டு கையாலும் ஆய்கிறான். குனிந்தால் நிமிர்வதில்லை. வாயும் மூடுவதில்லை.

"மச்சாள், இதைப் பாரன். என்ன சிவப்பு!"

"அதை விடு, இதைப் பார். பாதி பச்சை, பாதி சிவப்பு. கிளி மாதிரி."

இரண்டு பேரும் சிரிப்பு. நான் அடுத்த நிரையில். கிளியில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்குக் கிளி என்றால் கத்தும், பறக்கும். அவ்வளவுதான்.

என் ஓலைக் கடகத்தை அவளே வாங்கிக்கொண்டு போனாள். ஒன்றும் சொல்லவில்லை. தப்பினேன்.

பொழுதுபட விறாந்தையில் இரண்டு பேரும் சாக்கில் மிளகாயைக் கொட்டி வைத்து, குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுக்கிறார்கள். மெல்லிய குரலில் கதை. நான் போனதும் கதை நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. (கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.)

யூலை 7, வியாழன்

காற்று இன்னும் அடங்கவில்லை. சங்கக் கடையில் மண்ணெண்ணெய் இல்லை.

சுகந்தி சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தச் சிவப்பு நூல்கட்டையை எடுத்துத் தாங்கோ."

தகரப் பேணிக்குள் நாலு கட்டை. நீலமும் மஞ்சளும் தெரிந்தன. மற்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். நான் கை வைக்க முதல் ரூபன் பாய்ந்து எடுத்துக் கொடுத்துவிட்டான்.

"நீங்கள் இருங்கோ அண்ணை."

என் வீட்டில் என்னை இருக்கச் சொல்கிறான்!

எனக்கு ஒழுங்காகத் தெரிவது: வானம், பூசணிப் பூ, சாம்பல், காகம். அவனுக்குத் தெரிவது: மிச்சம் எல்லாம். சுகந்தியின் குங்குமப் பொட்டு எனக்கு மண் நிறம். அவனுக்கு அது சிவப்பு. என் பெண்சாதியின் முகம் என்னைவிட அவனுக்குத்தான் முழுதாகத் தெரிகிறது. இதை நினைத்தால் அவனைக் கிணற்றில் தள்ளலாம் போலிருக்கிறது.

யூலை 8, வெள்ளி

தள்ளவில்லை. அனுப்பிவிட்டேன்.

சுகந்தி கோயிலுக்குப் போன நேரம்.

"தம்பி, வீட்டிலை தேடுவினம். நீ வெளிக்கிடன்."

"மச்சாள் அடுத்த முறையும் ஆய்ஞ்சிட்டுப் போகச் சொன்னவா."

"நான் சொல்லுறன், போ."

என் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டான். பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். பாவமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

அவள் திரும்பி வந்து, "ரூபன் எங்கை?" என்றாள். போய்விட்டான் என்றேன். பிறகு குசினிக்குள் சட்டிச் சத்தம் மட்டும்.

யூலை 9, சனி

வெயில். காற்றுக் குறைவு.

கீழ்ப் பாத்தி மிச்சம். நானும் அவளும்தான். இன்றைக்கு அவளுக்குக் காட்டிவிடுவது என்று இறங்கினேன். தடவல் இல்லை, தயக்கம் இல்லை. இரண்டு கையாலும், அவனை மாதிரி. மத்தியானத்துக்கு முதல் இரண்டு கடகம்.

சுகந்தி வந்து பார்த்தாள். அப்படியே வரம்பில் குந்திவிட்டாள்.

"முழுக்கக் காய். பிஞ்சையும் விடேல்லை நீங்கள்."

காய் காய்ந்தால் வெளிறிப் போகும். செத்தல் மிளகாய் ஆகாது. கீழ்ப் பாத்தி போனது போனதுதான்.

வெயில் கண்ணில் குத்தியது என்று தொடங்கினேன்.

"ரூபனை நான் ஏன் கூப்பிட்டனான் எண்டு நினைக்கிறீங்கள்?"

நான் கடகத்திலிருந்து ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"முதல்முறை நீங்கள் ஆயேக்கையே எனக்குத் தெரியும். எங்கடை அப்பாவும் இப்பிடித்தான். அம்மா பின்னாலை நிண்டு தெரிஞ்சு எடுப்பா."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

சிரிக்கவில்லை அவள். அதற்காகவே எனக்கு அழுகை வந்தது. வரம்பிலேயே இருந்து எல்லாம் சொன்னேன். பொட்டைப் பற்றியும் சொன்னேன். பிழையான ஆளைக் கட்டிவிட்டாய் என்றேன். விசர்க்கதை கதைக்க வேண்டாம் என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். முருங்கைக்காய்க் கறி, அப்பளம்.

யூலை 10, ஞாயிறு

மழை இருட்டு. பெய்யாது.

ரூபனைக் கூட்டி வரச் சொல்கிறாள். மாங்குளம் சுற்றி மல்லாவி, நல்ல ஓட்டம். சரி, பிழை என்னில்தானே. சைக்கிளுக்குக் காற்றடித்தேன். வெளிக்கிடும்போது சும்மா கேட்டேன்.

"என்ரை கண் விசயம் ரூபனுக்கும் தெரியுமோ?"

"ஓம். வந்த அண்டே சொன்னனான். நீங்கள் ஆய்ஞ்ச காயளைத் தெரிஞ்சு எடுக்க வேணுமெல்லே."

அவனுக்குச் சொன்னது செவ்வாய்க்கிழமை. எனக்குச் சொன்னது சனிக்கிழமை.

சைக்கிளைத் திரும்ப உள்ளே தள்ளி வைத்துவிட்டேன்.