பீரங்கிக்குப் பின்னிய வலை

எதிரி நாட்டுச் சிறை முகாம்
ஆவணி, 1972

பழவேற்காட்டில் இருக்கும் நைனாவுக்கும் அம்மாவுக்கும் ராஜவேலுவின் வணக்கம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? பிடிபட்டவன் என்று என்னை நினைத்து அழ வேண்டாம். வேளைக்கு ரொட்டி தருகிறார்கள்.

ஒரு வேடிக்கை. போன வாரம் இங்கே கைப்பந்து வலை கிழிந்து கிடந்தது. கை சும்மா இருக்காமல் உட்கார்ந்து பின்னிக் கொடுத்தேன். காவலர்கள் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. மறுநாள் லாரி நிறையக் கிழிந்த வலை வந்து இறங்கியது. எல்லாம் பீரங்கியை மறைக்கப் போடுகிற வலை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, நைனா. மூன்று நாள் பின்னினேன். கூடுதலாக ரொட்டி தந்தார்கள், தின்றேன்.

இங்கே என்னோடு அடைபட்டிருக்கும் கடம்பத்தூர் அருணகிரி பார்த்துவிட்டான். "பீரங்கிதான்டா என் காலை எடுத்துக்கினு போச்சு. அதுக்கா நீ வலை பின்னிக்கினு கீற?" என்றான். அப்போதுதான் கை நின்றது. ஆனால் பின்னியதெல்லாம் மீன் வலைக்கு நீங்கள் கற்றுத்தந்த முடிச்சு, அவிழாது.

காயம்பட்டவர்களை முதலில் ஊருக்கு அனுப்புகிறார்கள். இதை அருணகிரியிடமே கொடுத்தனுப்புகிறேன். அவன் என்னைப் பற்றி இதைவிட மோசமாகச் சொன்னால் அதையும் நம்புங்கள். முடிந்தால் ஒரு கம்பளிச் சட்டை அனுப்புங்கள். வண்டி கிளம்புகிறது.

நான் வந்தபிறகு நம் வலை கிழிந்தால், என்னிடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகன்
ராஜவேலு